வால்டாக்ஸ்

வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் ஆபீஸ்.
இரவு முழுக்க மூட்டைக்கு எண் போடுவேன்:
குண்டூர், இச்சல்கரஞ்சி, ராஜ்கோட்.
விடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவதில்லை.
இப்ராஹிம் சாகிப் தெருவில்
மாடிப் பூங்காவில் ஷம்ஷாத் காத்திருப்பாள்,
மடியில் குரூப் டூ கைடு,
டப்பாவில் இட்லி வடகறி.

அவள் கேட்பாள், நான் சொல்லுவேன்.
செங்கோட்டை. சாஞ்சி. கொனாரக்.
எந்த ஆண்டு, எந்த மன்னன், எந்தக் கல்.
ஒன்றையும் நான் பார்த்ததில்லை.
பார்த்தவள் போல டிக் அடிப்பேன்.

"பிரிவு நாப்பத்தொம்போது?"
நினைவுச் சின்னங்களைக் காப்பது அரசின் பொறுப்பு.
"அம்பத்தொண்ணு ஏ, எஃப்?"
மரபைப் போற்றிக் காப்பது குடிமக்களின் கடமை.
"அப்போ யார்தாண்டி காப்பாத்தறது?"
கைடில் அதற்கு விடை இல்லை.
சிரித்த சிரிப்பில் வடகறி ஆறிப்போனது.

அன்றைக்கு அவள் அக்கா மகன் அனிஃபும் வந்திருந்தான்,
ரெண்டாம் வகுப்பு.
"வால்டாக்ஸ்னா இன்னா?"
"வாலுக்கு வரி," என்றேன் தூக்கக் கலக்கத்தில்.
"யார் வாலுக்கு?"

அவனுக்காகத்தான் கீழே இறங்கி
ஆறு மாதமாகத் தாண்டிப்போன நீலப் பலகையை
நின்று படித்தேன்.
துரு தின்றது போக மிச்சம்:
பழைய நகர மதில்.
தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது.
சேதப்படுத்தினால் தண்டனை.

நாங்கள் பட்டியலை மனப்பாடம் செய்தது
பட்டியலில் உள்ள ஒன்றின் முதுகில் உட்கார்ந்து.

போனில் தேடினேன்.
ஹைதர் அலியின் குதிரைகளுக்குப் பயந்து
கம்பெனிக்காரன் எழுப்பியதாம்.
செலவை ஊர் தலையில் கட்டப் பார்த்தானாம்.
வரி வசூலே ஆகவில்லை என்கிறார்கள்;
பேர் மட்டும் ரோடாகிவிட்டது.
கட்டாத வரியின் மேல்தான்
தினமும் என் மூட்டைகள் லாரி ஏறுகின்றன.

எனக்குள் ஒரு சின்ன குஷி.
அப்புறம் அது போய்விட்டது.

மதில் என்றால் உள்ளே வெளியே உண்டு.
எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை எந்தப் பக்கம்?
வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்.
வெளியே.
குதிரை வந்திருந்தால் எங்களை மிதித்துவிட்டுத்தான்
சுவரில் முட்டியிருக்கும்.
செங்கல் சுமந்தவர்கள் பொழுது சாய்ந்ததும்
எந்தப் பக்கம் தூங்கப் போனார்கள்?
பலகையில் இல்லை.

கைடில் பத்து மார்க் கேள்வி:
நினைவுச் சின்னங்கள் குடிமக்களுக்கு ஏன் முக்கியம்?
பண்பாட்டைப் பறைசாற்றுகின்றன. பெருமிதம் ஊட்டுகின்றன.
சுற்றுலா வருவாய் ஈட்டுகின்றன.
மூன்றும் எனக்கு அத்துப்படி.
இந்தச் சுவருக்கு அதில் ஒன்றுகூட ஒட்டவில்லை.

ஆபீஸில் பழைய பில் கட்டுகளை நாங்கள் எரிப்பதில்லை.
லாபத்துக்காக இல்லை.
எவனாவது ஒருநாள் வந்து நின்று
அப்படி ஒரு மூட்டையே வரவில்லை என்பான்,
அதற்காக.

இதை எழுதினால் பத்துக்கு எத்தனை போடுவார்கள்?
"முட்டை," என்றாள் ஷம்ஷாத்.

செங்கல் இடுக்கில் ஓர் அரசஞ்செடி,
ரெண்டே இலை.
அனிஃப் பிடுங்கப் போனான்.
"தொட்டா ஃபைன்டா!" கையைத் தட்டிவிட்டாள்.
தொடாமல் விட்டால் வேர் பிளந்துவிடும்.
நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவில்
அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி டீ நேரத்தில்
பார்சல் சீட்டின் பின்பக்கம் மனு எழுதினேன்.
பெறுநர்: தொல்லியல் துறை.
பொருள்: செடி.
அனுப்புநர்: மு. தனகோட்டி,
பழைய வண்ணாரப்பேட்டை,
மதிலுக்கு வெளிப்பக்கம்.
கடைசி வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன்.
அடிக்கவில்லை.

மூன்று வாரமாகிறது.
பதிவுத் தபால் ரசீது
கைடுக்குள் நாற்பத்தொன்பதாம் பிரிவில் கிடக்கிறது.
செடிக்கு மூன்றாவது இலை வந்துவிட்டதாம்.
அனிஃப் தினம் எண்ணிச் சொல்கிறான்.